கூப்பிடுகிற விதம்

1

என் மேசைக்கு மேலே தொங்கும் மஞ்சள் விளக்குக்கு இந்த வாரத்தோடு ஒரு வயது. பிறந்த நாள் கொண்டாடும் அளவுக்குப் பெரிய விளக்கெல்லாம் இல்லை, ஒரு சாத்துக்குடி அளவுதான். பக்கத்தில் வண்டி வந்தால் சுழன்று எரியும், வண்டி போனதும் அணைந்துவிடும். இருந்தாலும் அதைப் பற்றி நாலு பேர் படிக்க எழுதியாக வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, வெட்கம். அந்த விளக்கு எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் எனக்குக் காது கேட்காது என்று முதலில் சொல்ல வேண்டும். சரி, சொல்லிவிட்டேன். இனிமேல் எழுதுவது சுலபம்.

என் பெயர் ஏழுமலை. மரக்காணத்துக்கு மேற்கே, உப்பளத்துக்கும் கழுவெளி ஏரிக்கும் நடுவில் இருக்கிற ஊர். உப்பளத்தில் ஆயில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தவன், பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த குடும்பத்தில் பெண் எடுத்தேன். அவள் பெயரைச் சொல்லி எனக்கும் விசா வந்தது. "ஏழுமலை பாரிசுல இருக்கான்" என்றால் ஊரில் நான் ஏதோ கோபுரத்தடியில் கால் மேல் கால் போட்டுக் காப்பி குடிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் இருப்பது பாரிசுக்கு வெளியே, ரயில் மாறி பஸ் ஏறிப் போகிற இடம். வேலை ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில். பல ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வரும். ஈர விரிப்பைச் சூடான உருளைகளுக்குள் ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கம் இல்லாமல் வரும். மறுபக்கத்தில் நின்று மடிக்கிறவர்கள் இரண்டு பேர். ஒன்று நான், இன்னொன்று ஃபாத்து. ஃபாத்து செனகல் நாட்டுக்காரி, என்னைவிட ஒரு சாண் உயரம், என்னைவிட இரண்டு மடங்கு வேகம்.

போன வருஷம் வரை எங்கள் முதுகுக்குப் பின்னால் தள்ளுவண்டிகளைக் கோத்து இழுத்துக்கொண்டு பேட்டரி வண்டிகள் போகும். திரும்பும்போது பீப் பீப் என்று கத்துமாம். கத்துமாம் என்றுதான் சொல்கிறேன். நான் கேட்டதில்லை.

2

எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று யாராவது கேட்டால் பதில் தெரியாது. மயிர் எந்த நாளில் நரைத்தது என்று சொல்ல முடியுமா? ஆனால் அதை இனிமேல் மறைக்க முடியாது என்று எனக்கே தெரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 2004 டிசம்பர் கடைசியில் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை.

காலையிலேயே டிவியில் கடல் காட்டினார்கள். நம்முடைய கரை. தங்கை வள்ளியின் வீட்டுக்குப் போன் போட்டேன். மத்தியானம் வரை லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது மறுமுனையில் வள்ளிதான் என்று தெரிந்தது, ஆனால் என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. ஒரே கரகரப்பு. அழுகிறாளா சிரிக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை. "வள்ளி, வள்ளி" என்று நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். என் மகள் ஸ்டெல்லா, அப்போது பதினைந்து வயது, ரிசீவரை என் கையிலிருந்து வாங்கினாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"அத்தை நல்லா இருக்காங்கப்பா. மாமாவும். தண்ணி அவங்க ஊர் வரைக்கும் வரலயாம்."

அதற்குப் பிறகும் அவள் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் முகம் ஒரு மாதிரி ஆனது. வைத்ததும், "இன்னும் என்னம்மா சொன்னா?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா, விடு."

இந்த "விடு" எங்கள் வீட்டில் புதிதில்லை. ஒரு விஷயத்தை இரண்டாம் முறை சொல்லச் சொன்னால் முகம் சுளித்துக்கொண்டு சொல்வாள். மூன்றாம் முறை என்றால் "விடு". அவள் தமிழும் வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிக்கொண்டே வந்தது. எனக்குக் காது மந்தம், அவளுக்குத் தமிழ் மந்தம். இரண்டு பேருக்கும் தெளிவாகப் புரிந்த ஒரே சொல் அந்த "விடு"தான்.

அன்றைக்குக்கூட நான் டாக்டரிடம் போகவில்லை. வேலையிடத்தில் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்ற பயம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். புரியாவிட்டால் தலையாட்டுவேன். மேஸ்திரி ஃபிலிப் எதற்கோ சிரித்தால் நானும் சிரிப்பேன். ஒரு தடவை யாரோ இறந்துபோன செய்திக்குச் சிரித்துத் தொலைத்தேன். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

3

போன வருஷம் மே மாதம் ஒரு நாள் காலை, விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் வைத்தேன். வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. ஃபாத்து விரிப்பின் அவள் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்ததில் நான் மேசை மேல் குப்புற விழுந்தேன். வண்டி என் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. ஃபிலிப் ஓடி வந்து கத்தினான். பின்னாலிருந்து கத்தியதால் அதுவும் எனக்குக் கேட்கவில்லை. அதோடு குட்டு வெளிப்பட்டது.

இந்த நாட்டில் தொழிலாளிகளைப் பார்க்கத் தனியாக ஒரு டாக்டர் உண்டு. மருந்து தரமாட்டார். இந்த ஆள் இந்த வேலைக்குத் தகுதியா இல்லையா என்று சொல்வதுதான் அவர் வேலை. முதலாளிக்கும் அவர் ஆள் இல்லை, நமக்கும் அவர் ஆள் இல்லை. எனக்கு வாய்த்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி, குட்டையாக வெட்டிய நரைமுடி. காதில் ஏதோ மாட்டிப் பரிசோதித்தார். ஒரு தாளில் மலைச்சரிவு மாதிரிக் கோடு கீழே கீழே இறங்கிக்கொண்டு போனது. அதைக் காட்டி, எனக்கு நேராக உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டார்.

"வேலையிடத்தில் என்ன மாற்றம் செய்தால் நீங்கள் இதே வேலையைப் பத்திரமாகச் செய்ய முடியும்?"

"ஒன்றும் வேண்டாம் மேடம். சமாளித்துக்கொள்வேன்."

சொல்லிவிட்டு அவர் மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். நம்மூரில் ஒரு வீட்டுக்குப் போனால், "காப்பி சாப்பிடுறீங்களா?" என்பார்கள். "வேணாங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்போம். நாக்கு வறண்டு கிடந்தாலும் அதைத்தான் சொல்வோம். முதல் வார்த்தையிலேயே "கொண்டாங்க" என்றால் பறக்காவெட்டி என்று பெயர் வந்துவிடும். அவர்களும் அதை நம்பமாட்டார்கள். "அட, அரை டம்ளர்" என்று இரண்டாம் தடவை கேட்பார்கள். அந்த இரண்டாம் தடவைதான் கணக்கு. பாவம், அந்த டாக்டருக்கு இது எப்படித் தெரியும்? அவர் தலையசைத்தார். பேனாவை எடுத்தார். "தொழிலாளி தனக்கு எந்த மாற்றமும் தேவையில்லை என்று தெரிவித்தார்" என்று எழுதினார். கீழே ஒரு கட்டத்தில் குறி போட்டார். தகுதியில்லை.

ஃபிலிப் தாளைப் படித்துவிட்டு எனக்காக மெதுவாக, வாயை அகலமாகத் திறந்து சொன்னான். "வேறு வேலை தரலாம் என்றால் இங்கே சத்தமில்லாத இடமே இல்லை, ஏழுமலை. சட்டப்படி டாக்டர் உன்னை இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அப்போதும் இதையே எழுதினால், அனுப்புவதைத் தவிர எனக்கு வழியில்லை."

அந்த இரண்டு வாரத்துக்கு என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். விசித்திரம் என்னவென்றால், அதே நாட்களுக்கு நான் முன்பே லீவு போட்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். வள்ளியின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அந்தத் தாய்மாமன் நான்தான். வேலை போகப் போகிறது என்று மனைவியிடம்கூடச் சொல்லாமல் விமானம் ஏறினேன்.

4

கத்திரி வெயில். மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உப்புக் காற்று மூஞ்சியில் அறைந்தது. காதுகுத்துக்குப் பந்தல், மைக்செட், வாழைமரம் எல்லாம் இருந்தது. மைக்செட் காலையிலிருந்து அலறியதாகச் சொன்னார்கள். அதில் ஒருத்தருக்கொருத்தர் பேசுவது யாருக்குமே கேட்கவில்லை. எல்லோரும் கையை ஆட்டி, ஒருத்தர் காதில் ஒருத்தர் வாய் வைத்துத்தான் பேசினார்கள். அன்றைக்கு முழுக்க எனக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

குழந்தை என் மடியில் உட்கார்ந்து ஆசாரியின் ஊசியைக் கண்டதும் வீரிட்டது. சுற்றி நின்றவர்களில் ஒருத்தர், "மாமனுக்குக் காது கேக்கல, மருமவனுக்குக் காது குத்துறாங்க, ஜோடிப் பொருத்தம்டா!" என்றார். அவர் சொன்னது எனக்குத் தெரியாது, வள்ளி முறைத்ததைப் பார்த்துத்தான் விசாரித்தேன். ஆக, ஊருக்கே தெரிந்திருக்கிறது. நான்தான் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பந்தியில் இலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்து "போதும் போதும்" என்றேன். சோறு பரிமாறியவர் என் விரல் இடுக்கு வழியாகவே இரண்டு கரண்டி போட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த டாக்டர் நான் வேண்டாம் என்றதும் நிறுத்திக்கொண்டவர். அவர்மேல் தப்பில்லை.

சாப்பிட்டு முடிந்து வள்ளி வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டே, என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து சொன்னாள்.

"வராமப் போயிடுவியோன்னு பயந்துட்டேண்ணா. அன்னிக்கிப் போன்லயே சொன்னேன்ல?"

"என்னிக்கி?"

"தண்ணி வந்தன்னிக்கி. நாங்கல்லாம் பொழச்சுக் கெடக்குறோம், இந்தப் புள்ளைக்கு உன் மடியிலதான் காது குத்துவேன், நீ வர்ற வரைக்கும் எத்தினி வருஷம் ஆனாலும் குத்த மாட்டேன்னு அழுதேனே. ஸ்டெல்லா சொல்லலியா?"

சொல்லவில்லை. "விடு" என்றுதான் சொன்னாள். ஐந்து மாதம் கழித்து வந்து சேர்ந்தது என் தங்கை அழுதது. மகள்மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று உறைத்தது. "ஒன்றும் வேண்டாம் மேடம்" என்று நான் டாக்டரிடம் சொன்னதும் "ஒண்ணுமில்லப்பா விடு" என்று மகள் என்னிடம் சொன்னதும் ஒரே ரகம். இரண்டுமே எதிரில் இருக்கிறவர் முகத்தில் கதவைச் சாத்துகிற வேலை.

5

மறுநாள் காலை உப்பளத்துக்குப் போனேன். ஆசையினால் இல்லை, வீட்டில் உட்கார்ந்தால் வேலை போவதைப் பற்றியே யோசனை ஓடியது. கடல் பக்கத்துப் பாத்திகளின் ஓரத்தில் டிசம்பரில் வந்த சேறு கறுப்பாகக் குவிந்து கிடந்தது. மற்ற பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் கன்னியப்பனைப் பார்த்தேன். நான் எஞ்சின் ஓட்டிய காலத்தில் பாத்தி பார்த்துக்கொண்டிருந்தவன், என் வயசுக்காரன். இன்றைக்கும் அதே தலைப்பாகை, அதே இடுப்பு வளைவு.

நான் உட்கார்ந்திருந்த எஞ்சின் மேட்டில் இப்போது கரண்ட் மோட்டார். புகை இல்லை, பக்கத்தில் நின்றே பேசலாம், அவ்வளவு அமைதி. மோட்டாருக்கு இப்போது தேவகி என்கிற பெண் ஆள். கன்னியப்பன் பாத்தி ஓரத்திலிருந்து உப்பு வாருகிற பலகையின் நீளக் கம்பை உயர்த்தி, அதன் நுனியில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை ஒரு தடவை ஆட்டினான். தேவகி மோட்டாரை நிறுத்தினாள். துண்டை இடது பக்கம் சாய்த்தான். அவள் இடது மடையைத் திறந்தாள்.

நான் பார்த்த அதே பாஷை. ஒரு ஆட்டு என்றால் நிறுத்து, இடது சாய்ப்பு என்றால் இடது மடை, இரண்டு ஆட்டு என்றால் வரப்பு உடைந்துவிட்டது, ஓடி வா. கொஞ்சம் கிட்டத்தில் இருந்தால் ஒரு மண்ணாங்கட்டியை நம் கால் முன்னால் விழுகிற மாதிரி எறிவார்கள், நாம் நிமிர்ந்து பார்ப்போம். முதுகுப் பக்கமிருந்து யாரும் வரமாட்டார்கள், சுற்றிக்கொண்டு எதிரில்தான் வருவார்கள். உப்பளம் என்றால் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

கன்னியப்பன் என்னைக் கண்டதும் கம்பைப் போட்டுவிட்டு வந்தான். தோளைப் பிடித்துத் திருப்பி, காற்று அவன் முதுகிலிருந்து என் பக்கம் வீசுகிற மாதிரி நிறுத்திவிட்டுத்தான் பேச ஆரம்பித்தான்.

"ஏம்பா, பாரிசுக்காரரு! சட்டையில உப்பு பட்டுடப் போவுது."

"அதான் மோட்டாரு வந்துடுச்சே, சத்தமே இல்ல. இன்னும் துண்டு ஆட்டிக்கினு இருக்கீங்க?"

"நீ ஆரம்பிச்சு வெச்சுட்டுப் போன, அதுவே பழகிடுச்சு. இந்தக் காத்துல கத்தினா எவனுக்குக் கேக்குது? எல்லாருக்கும் சவுகரியமாப் போச்சு."

"நான் ஆரம்பிச்சேனா?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "நெசமாவே தெரியாதா உனக்கு?"

அப்புறம் சொன்னான். நான் எஞ்சினுக்கு வந்த மூன்றாவது வருஷமாம். வடக்குப் பக்கம் வரப்பு உடைந்திருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து கத்தியிருக்கிறார்கள். நான் திரும்பவே இல்லை. எஞ்சின் தண்ணீரை இறைத்துத் தள்ள, விளைந்து கிடந்த உப்பில் புதுத் தண்ணீர் புகுந்து நான்கு பாத்தி உப்பும் கரைந்து போய்விட்டது. வரப்பு உடைந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர்கள் கத்தியது எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே முதலாளி என்னை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் போடச் சொல்லியிருக்கிறார்.

"நாங்கதான் போயி நின்னோம். ஆள மாத்தாதீங்க முதலாளி, கூப்புடுற விதத்த மாத்திக்கிறோம்னு சொன்னோம். மறுநாளு என் துண்ட எடுத்துக் கம்புல கட்டுனேன். அந்த மண்ணாங்கட்டி யோசன மட்டும் முதலாளியோடது."

"அடப்பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களாடா?"

"சொன்னா நீ நின்னுருப்பியா? ரோசத்துல ஓடிருப்ப. அந்த எஞ்சினுக்குக் கைப்பிடி சுத்த உன்ன வுட்டா அப்ப வேற எவன் இருந்தான்?"

முதலில் கோபம்தான் வந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருஷத்துப் பெருமை! யாரையும் எதற்கும் கேட்காமல், யார் தயவும் இல்லாமல் சமாளித்தவன் ஏழுமலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்த பெருமை. அந்த எஞ்சின் என் காதைத் தின்றதை நான் உணர்வதற்கு முன்னால் நான்கு பேர் உணர்ந்து, எனக்காகத் தங்கள் வழக்கத்தையே மாற்றிக்கொண்டு, அதை என்னிடம் சொல்லாமலும் இருந்திருக்கிறார்கள். நான் ஒரு நாளும் தனியாகச் சமாளித்ததே இல்லை.

கன்னியப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி, செருப்பு, டாக்டர், "ஒன்றும் வேண்டாம்", இரண்டு வாரம். இந்த விஷயத்தை நான் வாய் திறந்து சொன்ன முதல் ஆள் அவன்தான்.

"அந்த டாக்டரம்மா ரெண்டாவது வாட்டி கூப்புட்டுக் கேப்பாங்கன்ற?"

"சட்டமே அப்படித்தானாம்."

"அப்புறம் என்னாய்யா? நம்மூர் ஆளுங்க மாரியே இருக்குது அந்தச் சட்டம். போயிச் சொல்லு. அங்க உனக்குத் துண்டு கட்ட யாரும் தானா வரமாட்டான், நீதான் கேட்டு வாங்கணும்."

அதைச் சொல்லிவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் அங்கேயே உட்கார்ந்து, என் மேசை, உருளை, வண்டிப் பாதை எல்லாவற்றையும் ஈர மண்ணில் குச்சியால் வரைந்து பார்த்தேன். எது எங்கே திரும்ப வேண்டும் என்று யோசித்தேன். வெயில் உச்சிக்கு வந்ததுகூடத் தெரியவில்லை.

6

திரும்பி வந்ததும் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். திட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு ஸ்டெல்லாவைப் பேனாவோடு உட்கார வைத்தேன். நான் தமிழில் சொல்ல வேண்டியது, அவள் நல்ல பிரெஞ்சில் எழுத வேண்டியது.

ஒன்று, மேசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். வண்டிப் பாதை என் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் கண்ணெதிரில் இருக்கும். இரண்டு, அப்படியும் குனிந்து மடிக்கும்போது வண்டி வந்தால் தெரிய ஒரு விளக்கு. மூன்று, காலையில் வாயால் சொல்கிற வேலைகளை ஒரு பலகையில் எழுதிப் போட வேண்டும். நான்கு, என்னைக் கூப்பிட வேண்டுமானால் ஒரு கைத்துண்டைச் சுருட்டி என் மேசை மேல் எறிய வேண்டும்.

ஸ்டெல்லா பேனாவை நிறுத்தினாள். "துண்டு எறியறதுகூடவா எழுதணும்? சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டும். எழுது."

எழுதினாள். "அவ்ளோதானா?"

"இன்னொண்ணு இருக்கு. வீட்டுல யாரும் 'விடு'ன்னு சொல்லக் கூடாது."

"இது டாக்டருக்கா?"

"உனக்கு."

வள்ளி அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அப்போதுதான் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, கோபம் வரும் வழியிலேயே தீர்ந்துவிட்டிருந்தது.

"அத்தை மடி மடின்னு சொன்னாங்க. எனக்கு மடின்னா என்னன்னு தெரியலப்பா. அழுதாங்கன்னு சொன்னா நீ பயப்படுவ. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் விடுன்னேன்."

என் தொடையைத் தட்டிக் காட்டினேன். "இதான் மடி. நீயும் உன் தாய்மாமன் மடியில உக்காந்துதான் காது குத்திக்கின." அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஐந்தாவதைத் தனியாக ஒரு தாளில் எழுதி, அவள் அறைக் கதவில் ஒட்டிக்கொண்டாள்.

இரண்டாம் தடவை டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். தீர்மானத்தோடுதான் போயிருந்தேன். அவர் அதே கேள்வியைக் கேட்டார். நான் தாளை நீட்டினேன். படித்துவிட்டு, "போன முறை எதுவும் வேண்டாம் என்றீர்களே?" என்றார்.

"எங்கள் ஊரில் முதல் முறை கேட்டால் அப்படித்தான் சொல்வோம் மேடம். இரண்டாம் முறை கேட்டால்தான் உண்மையைச் சொல்வோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மூன்றாம் முறையும் கேட்க வேண்டுமா?"

"வேண்டாம். இரண்டு போதும்."

மறுநாள் அவர் தொழிற்சாலைக்கே வந்தார். ஃபிலிப்புக்குப் பிடிக்கவில்லை. மேசையைத் திருப்பினால் அரை நாள் வேலை கெடும், ஒரு ஆளுக்காக இவ்வளவா என்றான். டாக்டர் நேராகப் போய் என் இடத்தில், வண்டிப் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எல்லா உருளைகளையும் ஓட்டச் சொன்னார். ஃபிலிப்பிடம், பின்னாலிருந்து ஏழுமலையை எப்படிக் கூப்பிடுவாயோ அப்படி என்னைக் கூப்பிடு என்றார். ஃபிலிப் கூப்பிட்டான். அவர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டான், கழுத்து நரம்பு புடைத்தது. அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகத் திரும்பி, "கூப்பிட்டாயா இல்லையா?" என்று கேட்டார்.

ஃபாத்து ஒரு துண்டைச் சுருட்டி டாக்டருக்கு முன்னால் மேசை மேல் எறிந்தாள். டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார்.

நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். பிரெஞ்சில் அதை எப்படிச் சொல்வது என்று விமானத்திலிருந்தே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "ஆளை மாற்றாதீர்கள். கூப்பிடுகிற விதத்தை மாற்றுங்கள்." குரல் சரியாக வந்ததா என்று தெரியாது, எனக்கு என் குரலே சரியாகக் கேட்காது. ஃபிலிப் தரையைப் பார்த்தான். டாக்டர் என் தாளை மேசை மேல் வைத்து, பழைய கட்டத்தை விட்டுவிட்டு வேறு கட்டத்தில் குறி போட்டார். மாற்றங்களோடு தகுதி. துண்டையும் எழுத்தில் சேர்த்தார். ஒரு பிரெஞ்சு அரசாங்கத் தாளில் கன்னியப்பனின் துண்டு ஏறியது இப்படித்தான்.

7

ஒரு வருஷம் ஓடிவிட்டது. மேசை திரும்பி நிற்கிறது. வேலைப் பலகையில் ஃபிலிப் கோணல் எழுத்தில் எழுதுகிறான். பிரெஞ்சு சரியாக வராத புது ஆட்களும் இப்போது அதைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள். போன மாதம் ஃபிலிப்பே அங்கே இருந்த இன்னொருத்தனை ஒரு துண்டு எறிந்து கூப்பிட்டான், அவனுக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. காதில் மாட்டும் மெஷினுக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு தாளாகக் கேட்டு எழுதுகிறார்கள், நானும் ஒவ்வொன்றாக அனுப்புகிறேன். இரண்டாம் தடவை அனுப்பச் சொன்னாலும் அனுப்புவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சுருட்டிய காலுறை ஒன்று பேப்பர் நடுவில் வந்து விழுந்தது. நிமிர்ந்தால் ஸ்டெல்லா, என் முகத்துக்கு நேராக, கையில் நோட்டோடு.

"அத்தைக்குப் போன் போடலாம்பா. நான் கேட்டு எழுதறேன். எல்லாத்தையும்."

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். தமிழ் எழுதத் தெரியாது, பிரெஞ்சில்தான். குழந்தை நடக்கிறான். வாசல் தாண்டி ஓடுகிறான். மழை இல்லை. கன்னியப்பன் மாமா விசாரித்தார். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் திருப்பினாள். நான் அவள் கைக்கு மேலே குனிந்து வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு வரி இருந்தது: அத்தை இருமுகிறார்.

"மிளகுக் கஷாயம் போட்டுக் குடிக்கச் சொல்லு," என்றேன். ஸ்டெல்லா சொன்னாள். பிறகு எழுதினாள்.

நான் இருமினது அண்ணனுக்கு எப்படித் தெரியும் என்று அத்தை கேட்கிறார்.